புகார்தாரர் தொடரவில்லை

செவ்வொலி கம்பெனியின் வாசலில் ஒரு கிளி இருந்தது. இறகு முளைத்த கிளி அல்ல. ஆள் உயரக் கண்ணாடித் திரை. காலையில் உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதன் முன்னால் நின்று அது கேட்கிற கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். "கம்பெனி விஷயம் எதையாவது வெளியாட்களிடம் சொன்னீர்களா?" என்று தேன் தடவிய பெண் குரலில் கேட்கும். "இல்லை" என்று சொல்கிறவரின் குரலையும் இமையையும் கழுத்து நரம்பின் துடிப்பையும் படித்துப் பார்த்து, உண்மையென்றால் பச்சை விளக்கு காட்டிக் கதவைத் திறக்கும். பொய்யென்றால் சிவப்பு. ஜோசியக்காரனின் கிளி சீட்டை உருவுவது போல ஆளை உருவி எடுப்பதால் அந்தப் பெயர் வந்தது. கிளி சொன்னதைக் கோர்ட்டே ஏற்றுக்கொள்ள ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது. கோயமுத்தூரில் கிளி வைக்காத இடம் என்று இப்போது மிச்சம் இருப்பது டீக்கடைகளும் சின்னப் பட்டறைகளும்தான்.

தாரிணிக்குத் தினமும் பச்சை விழுந்தது. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குக் காதின் பின்புறம் அறுவை செய்து பதிக்கிற சின்னக் கருவியைச் செவ்வொலி தயாரித்தது. அரசாங்கத் திட்டத்தில் இலவசமாக வைத்தார்கள். வைத்த சில மாதங்களில் குழந்தை கூப்பிட்ட பக்கம் திரும்பும். அப்புறம் மழலை வரும். தாரிணி சோதனைப் பிரிவுக்குத் தலைவி. கருவிகளைச் சூட்டிலும் ஈரத்திலும் போட்டு வதைத்து, வருடக்கணக்கில் வர வேண்டிய தேய்மானத்தைச் சில வாரங்களில் வரவழைத்துப் பார்ப்பது அவள் வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் புது மாடலை அப்படிப் பார்த்தபோது, அதன் மூடி விளிம்பு விரிந்து உள்ளே ஈரம் இறங்குவதைக் கண்டாள். ஈரம் இறங்கினால் மின்சாரம் கசியும். கசிந்தால் கேட்கும் நரம்பு கருகும். கருகிய நரம்புக்கு அப்புறம் எந்தக் கருவியும் உதவாது.

இதைச் சொல்ல அவள் கூட்டிய கூட்டத்தில் அவளோடு சேர்த்து ஐந்து பேர். டைரக்டர் மனோரஞ்சன், உற்பத்தியைப் பார்த்துக்கொண்ட நவநீதன், அரசாங்க அனுமதிகளை வாங்கித் தருகிற ஜோஸ்பின், கம்பெனி வக்கீல். அவள் பேசி முடிக்கும் வரை மனோரஞ்சன் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை பீஸ்ல இப்பிடி வந்துச்சு?"

"வச்ச பீஸ் அத்தனையிலயுமே வந்துச்சுங்க சார்."

"லேப்ல எதை வேணா உடைக்கலாம் தாரிணி. குழந்தை தலைக்குள்ள போனா உடையுமான்னு யார் கண்டா? அடுத்த மாடல்ல மூடியை மாத்திடலாம். நவநீதன், என்ன சொல்றீங்க?"

நவநீதன் மேஜையிடம் சொன்னான்: "மாத்திடலாங்க சார்."

"ஜோஸ்பின்?"

"இப்ப கையில இருக்கிற அனுமதிக்கு ஒரு பிரச்சனையும் இல்ல சார். நாம வாயைத் திறக்காத வரைக்கும்."

வக்கீல் பேனாவை மூடினார். "அப்ப, இந்த ரூமை விட்டு எதுவும் வெளிய போகாதுன்னு வச்சுக்கலாமுங்களா?"

வைத்துக்கொண்டார்கள். தாரிணியும் தலையை ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டலை அவளால் மறக்க முடியவில்லை. மற்ற நாலு பேரையும் அவள் வெறுத்தாள். அது சுலபமாக இருந்தது. மருந்துக்குக்கூட முதுகெலும்பு இல்லாத நவநீதன் கிருத்திகை தவறாமல் மருதமலை ஏறிவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு கிளி முன்னால் நிற்பான். ஜோஸ்பின் ஆண்டு விழாவில் கருவி வைத்த குழந்தைகளை மடியில் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொள்வாள். மனோரஞ்சன் அந்தக் குழந்தைகளை 'நம்ம வீட்டுப் புள்ளைங்க' என்றுதான் சொல்வார், கண்கூடக் கலங்கும். இவர்களைப் பார்த்தால் தாரிணிக்கு வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்காக. ஆனால் துப்ப வேண்டிய முகங்களில் தன் முகமும் ஒன்று என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்க்காமல் தேய்க்கப் பழகிக்கொண்டாள். கோபியில் இருந்த அப்பா போனில், "ஏம்மா, வேலையெல்லாம் நல்லாப் போகுதா?" என்று கேட்டால், "போகுதுங்கப்பா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

சொல்ல வழி இல்லாமல் இல்லை. அவிநாசி ரோட்டில் உரைப்போர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து மாடிக்கு நின்றது. அங்கே போய்த் தன் கம்பெனியைப் பற்றி யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்ன பிறகு, சொன்ன நினைவையே தலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஜனங்கள் அதை 'அலசி விடுறது' என்றார்கள். தான் சொன்னதே தனக்குத் தெரியாத ஆளை எந்தக் கிளியும் பிடிக்க முடியாது. 'இந்தச் சட்டம் வந்த பிறகு ஒரு புகார்தாரர்கூடப் பழிவாங்கப்படவில்லை' என்று மந்திரி மேடைக்கு மேடை சொன்னார். அது பொய்யும் அல்ல.

அந்த நாலு பேரில் ஒருவராவது போயிருக்கக் கூடாதா என்று தாரிணி சில நாள் நினைத்ததுண்டு. பிறகு அவளே சிரித்துக்கொள்வாள். யாராவது சொல்லியிருந்தால் இத்தனை நாளில் ஏதாவது நடந்திருக்குமே! லாரிகள் அதே மாடலை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன. ஆகவே யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமை, கம்பெனியின் பரிசோதனைக் கூடத்துக்கு அந்தியூர்ப் பக்கத்திலிருந்து செல்வராணி என்கிற பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு ஐந்து வயது, பெயர் மகிழினி. வலது காதில் கருவி வைத்து ஒரு வருடம். கருவியைச் சோதிக்கத் தாரிணியைக் கூப்பிட்டிருந்தார்கள். மனோரஞ்சனும் வந்து நின்றார்.

"நல்லாப் பேச ஆரம்பிச்சுட்டாளுங்க," என்றாள் செல்வராணி. "ஆடு, மழை, மாமா எல்லாஞ் சொல்லுவா. என்னைப் பேரு சொல்லித்தான் கூப்பிடுவா, அவுங்கப்பா கூப்பிடறதைக் கேட்டுக்கிட்டு. இப்ப ஒரு மாசமா நானே பின்னால நின்னு கத்துனாலும் திரும்ப மாட்டேங்கறா. பேச்சும் கொறைஞ்சுக்கிட்டே வருதுங்க."

தாரிணி குழந்தையின் காதுக்குப் பின்னால் அளவு கருவியை வைத்தாள். திரையில் ஓட வேண்டிய கோடு படுத்துக் கிடந்தது. நரம்பு போய்விட்டது. மகிழினி அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பேட்டரிதான்மா," என்றார் மனோரஞ்சன், கோட்டைப் பார்க்காமலே. "மாத்தித் தர்றோம். சில குழந்தைங்களுக்குக் கவனம் சிதறும். அதுக்குத்தான் இன்னொரு காதுலயும் வைக்கச் சொல்றது. தேதி குடுத்துட்டாங்கல்ல?"

"வர்ற திங்கக்கிழமைங்க சார்."

"வச்சுடுங்க. ரெண்டு பக்கமும் இருந்தா ஜோராக் கேக்கும்."

செல்வராணி கையெடுத்துக் கும்பிட்டாள். தாரிணியைப் பார்த்தும் கும்பிட்டாள். தாரிணியும் திருப்பிக் கும்பிட்டாள்.

மறுநாள் காலை உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பிவிட்டு, அவள் அவிநாசி ரோட்டுக்கு ஆட்டோ பிடித்தாள்.

ஆணையத்தின் மூன்றாம் மாடியில், வாக்குமூலம் வாங்குகிற அறையில் டாக்டர் லூர்துமேரி இருந்தார். நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். தாரிணி உள்ளே வந்ததும் அவர் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. களைப்பு என்று தாரிணி எடுத்துக்கொண்டாள்.

"உக்காருங்க. விதியைச் சொல்லிடறேன். நீங்க சொல்றதைப் பதிவு பண்ணுவோம். அப்புறம் பக்கத்து ரூம்ல அரைமணி நேரம் படுக்கணும். கடைசி ரெண்டு நாள் நினைவு போயிடும். அதுக்கு முந்தினது ஆழமாப் பதிஞ்சிருக்கும், அதை நாங்க தொட மாட்டோம், தொடவும் முடியாது. அலச ஒத்துக்கிட்டாத்தான் சட்டம் உங்களைக் காப்பாத்தும். வேண்டாம்னா நீங்க கம்பெனி ரகசியத்தை வெளியிட்ட ஒரு ஆள், அவ்வளவுதான்."

"அப்ப, கம்பெனில தப்பு நடக்குதுங்கிறது எனக்கு ஞாபகம் இருக்கும். நான் வந்து சொன்னது மட்டும் இருக்காது."

"ஆமா."

"தெரிஞ்சும் சொல்லாதவன்னு என்னை நானே நெனச்சுட்டு இருப்பேன்."

பதிவுக் கருவியைத் தட்டப் போன டாக்டரின் விரல் அப்படியே நின்றது.

தாரிணி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். "முதல்லயே ஒண்ணு சொல்லிடறேனுங்க டாக்டர். நான் ஒண்ணும் யோக்கியமானவ இல்ல. தெரிஞ்சும்..."

"தெரிஞ்சும் தின்னுட்டுத் தூங்குனவ," என்று முடித்தார் டாக்டர்.

தாரிணி நிமிர்ந்து பார்த்தாள். அவள் சொல்ல வந்தது அதேதான். வழியில் ஆட்டோவில் உட்கார்ந்து தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள்.

"நீங்க இங்க வர்றது இது நாலாவது தடவை தாரிணி," என்றார் டாக்டர். "ஒவ்வொரு தடவையும் இதையேதான் முதல்ல சொல்வீங்க. மூணு தடவையும் உங்களை அலசினது நான்தான்."

வெளியே அவிநாசி ரோட்டில் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே போனது.

"எப்ப?"

"முதல் தடவை அந்தக் கூட்டம் நடந்த மறு வாரமே வந்தீங்க. ரெண்டாவது, அதுக்கு நாலஞ்சு மாசம் கழிச்சு. ஆண்டு விழாவுல குழந்தைங்க பாடினதைப் பாத்துட்டுத் தாங்காம வந்ததாச் சொன்னீங்க. மூணாவது போன கோடையில. அலசின ரெண்டு நாளை வீட்டுல காய்ச்சலாக் கிடந்ததா நம்ப வச்சு அனுப்புவோம்."

மூன்று காய்ச்சல்களும் தாரிணிக்கு நினைவிருந்தன. எதிலும் உடம்பு சுட்டதாக மட்டும் நினைவில்லை.

"நான் சொன்னது அத்தனையும் என்னாச்சு?"

டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "புகார் வந்தா கம்பெனிக்கு அனுப்பி விளக்கம் கேப்போம். அவங்க 'விசாரிச்சோம், குறை இல்லை'ன்னு எழுதுவாங்க. அந்தப் பதிலுக்குப் புகார்தாரர் மறுப்பு சொல்லணும். அதுக்கு ஒரு மாசம் டைம். மறுப்பு வரலைன்னா, 'புகார்தாரர் தொடரவில்லை'ன்னு போட்டு முடிச்சுடுவோம்."

"புகார் குடுத்ததே எனக்குத் தெரியாதே! நான் எப்பிடி மறுப்பு சொல்ல முடியும்?"

"முடியாது."

"அது உங்களுக்குத் தெரியும்."

"இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும்."

தாரிணிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. சட்டம் எழுதியவர்களில் ஒருவர்கூட முட்டாளாக இருந்திருக்க முடியாது. அத்தனை பொருத்தமாக வேலை செய்தது. கம்பெனிக்கு ஆபத்தில்லை, மந்திரிக்கு மேடை கிடைத்தது, ஆணையத்துக்கு ஐந்து மாடி. சொன்னவளுக்கும் ஆபத்தில்லை. அவள் வீட்டில் உட்கார்ந்து தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டிருந்தால் போதும்.

"ஒன்றரை வருஷமா நான் கண்ணாடி பாக்கறதில்லைங்க," என்றாள். "இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க?"

டாக்டரின் காதுமடல் சிவந்தது. "அடுத்த மாசம் ரிட்டயர் ஆறேன்."

"பென்ஷன் கையெழுத்து ஆயிடுச்சுங்களா?"

"நேத்துதான்."

"நேத்து ஆகலைன்னா இன்னைக்கும் அலசியிருப்பீங்க."

"அலசியிருப்பேன்," என்றார் லூர்துமேரி. கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லாமல் அதை ஒப்புக்கொண்டார். தாரிணி அவரிடம் மதிக்கும்படியாகக் கண்டது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

"எங்க கம்பெனில இருந்து வேற யாராவது வந்தாங்களா?"

"அதைச் சொல்லக் கூடாது." பிறகு அவரே, "யாரும் வரலை. சுத்துவட்டாரத்துல எந்தக் கம்பெனில இருந்தும் ஒரே ஆள் நாலு தடவை வந்ததில்லை," என்றார்.

தாரிணிக்குப் பெருமை வரவில்லை. அவள் மனம் வேறு கணக்கில் இருந்தது. முதல் தடவை சொன்னபோதே லாரிகளை நிறுத்தியிருந்தால், மகிழினியின் தலையில் அந்தக் கருவி ஏறியே இருக்காது.

"நேத்து ஒரு குழந்தையைப் பாத்தேன். திங்கக்கிழமை அதுக்கு இன்னொரு காதுலயும் வைக்கப் போறாங்க. இப்ப அலசினா அந்தக் குழந்தையும் மறந்துடுமா?"

"ரெண்டு நாள்ல அதுவும் வருது."

தாரிணி எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"யோசிச்சுக்கங்க," என்றார் டாக்டர். "நாளைக்கு உங்க கம்பெனி வாசல்ல அந்த மிஷின் கேக்கும். வேலை போகும், கேஸ் போடுவாங்க. வேற எந்தக் கம்பெனிலயும் உள்ள விட மாட்டாங்க."

"விடற கம்பெனி எதுவும் யோக்கியமா இருக்கும்னு எனக்கும் தோணலீங்க."

படி இறங்கியதும் முதல் வேலையாகச் செல்வராணிக்குப் போன் போட்டாள். தான் யார் என்று சொல்லி, பேட்டரி அல்ல, கருவியே பழுது என்று சொன்னாள். வலது காது திரும்பாது, திங்கட்கிழமை எந்தக் காரணத்துக்காகவும் அந்த மாடலை வைக்க விடக் கூடாது, கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள் என்றாள். ஆஸ்பத்திரி டாக்டரிடமும் தானே பேசுவதாகச் சொன்னாள்.

மறுமுனையில் ஆடு கத்துவது மட்டும் கேட்டது. பிறகு செல்வராணி கேட்டாள்:

"இது உங்களுக்கு எப்ப இருந்து தெரியுமுங்க?"

"ஒன்றரை வருஷமாத் தெரியுமுங்க."

"எம்புள்ளைக்கு வச்சே ஒரு வருஷந்தானுங்களே ஆச்சு."

'நான் மூணு தடவை...' என்று தாரிணி வாயெடுத்தாள். அவள் காதுக்கே அது சாக்கு மாதிரிக் கேட்டது. அந்தத் தாய்க்கு மூன்று தடவையும் ஒன்றுதான், ஒரு தடவையும் இல்லாததும் ஒன்றுதான். நிறுத்திக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள்.

"நேத்து நான் உங்களையுங் கும்பிட்டனே," என்றாள் செல்வராணி. போன் வைக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை செவ்வொலி வாசலில் வழக்கம் போல வரிசை நின்றது. தாரிணிக்கு முன்னால் ஜோஸ்பின், பின்னால் நவநீதன். நவநீதன், "காய்ச்சல் விட்டுடுச்சுங்களா?" என்று விசாரித்தான். ஜோஸ்பின் 'இல்லை' சொல்லிப் பச்சை வாங்கி உள்ளே போனாள். தாரிணி திரை முன்னால் நின்றாள்.

"கம்பெனி விஷயம் எதையாவது வெளியாட்களிடம் சொன்னீர்களா?"

"சொன்னேன்," என்றாள் தாரிணி.

கிளி யோசித்தது. அதன் பிறப்பிலிருந்து இந்தப் பதிலை அது கேட்டதில்லை. குரலைப் படித்தது, இமையைப் படித்தது, கழுத்தைப் படித்தது. சொன்னது உண்மை என்று கண்டு பச்சை விளக்கைப் போட்டுக் கதவையும் திறந்துவிட்டது.

செக்யூரிட்டிக்காரர் ஓடி வந்தார். "மேடம், தப்பாச் சொல்லிட்டீங்க. இல்லைன்னு சொல்லுங்க மேடம்."

"தப்பா இல்லீங்க. சொன்னேன். இன்னொரு தடவையும் சொல்றேன்." அவள் வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். மூடி விரிவதை, ஈரம் இறங்குவதை, நரம்பு கருகுவதை, லேப்பில் பேசுகிற அதே சாதாரணக் குரலில் சொன்னாள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஐந்து பேரின் பெயரையும் சொன்னாள், கடைசியாகத் தன் பெயரை. கிளி அவள் குரலைப் படித்துக்கொண்டே இருந்தது, பச்சை மாறவில்லை. வரிசையில் பாதிப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள், மீதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். நவநீதன் வரிசையிலிருந்து விலகி, ஷூ கயிற்றைக் கட்டுவதற்காகக் குனிந்தான். அவன் போட்டிருந்தது கயிறு இல்லாத ஷூ.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. படம் மதியத்துக்குள் ஊரெல்லாம் சுற்றியது. ஆஸ்பத்திரிகள் கருவி வைப்பதை நிறுத்தின. அரசாங்க லேப்பில் ஒரு பீஸைப் போட்டுப் பார்த்தார்கள், மூடி விரிந்தது. கிளி அன்று பச்சை காட்டியதால், தாரிணி உண்மையைத்தான் சொன்னாள் என்பதைக் கம்பெனி வக்கீலால் கோர்ட்டில் மறுக்க முடியவில்லை. ஆனால் ரகசியத்தை வெளியிட்டதற்கான கேஸ் அவள் மேல் அப்படியே நின்றது, இன்னும் நிற்கிறது. அவள் இப்போது கணபதியில் ஒரு மோட்டார் பம்ப் பட்டறையில் சோதனை வேலை பார்க்கிறாள். அங்கே கிளி கிடையாது.

மகிழினிக்கு இடது காதில் பழைய மாடல் கருவியை வைத்தார்கள். அவள் மறுபடி திரும்பிப் பார்க்கிறாள் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லித்தான் தாரிணிக்குத் தெரியும். செல்வராணி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. தாரிணி அதை எதிர்பார்க்கவும் இல்லை. இரண்டு காதும் போன குழந்தைகள் வேறு ஊர்களில் இருந்தார்கள்.

ஆணையம் ஒரு விழா எடுத்தது. இந்தக் குறை குறித்துத் தங்களிடம் மூன்று முறை புகார் வந்தது என்றும், மூன்று முறையும் புகார்தாரரின் அடையாளம் இம்மியும் கசியாமல் காக்கப்பட்டது என்றும் தலைவர் பேசினார். கைதட்டினார்கள். கூடவே ஒரு புது விதியும் அறிவித்தார்கள்: நாம் எப்போதாவது வந்து சொல்லி அலசப்பட்டிருக்கிறோமா என்று யாரும் நேரில் வந்து கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அந்த விதிதான் எல்லாரையும் காப்பாற்றியது. போய்க் கேட்டவர் ஒருவரும் இல்லை, தானும் சொல்லியிருக்கலாம் என்று சொல்லிக்கொள்ள அது இடம் கொடுத்தது. மனோரஞ்சன் ஜாமீனில் வந்த கையோடு டிவியில் உட்கார்ந்து, "நானும் போய்ச் சொல்லியிருக்கலாம். சட்டப்படி எனக்கு அது நினைவிருக்க வாய்ப்பில்லை," என்றார். கண் கலங்கியது. ஜோஸ்பின், தனக்குள் எப்போதும் ஒரு போராளி இருந்ததாகப் பேட்டி கொடுத்தாள். வரிசையில் தரையைப் பார்த்து நின்றவர்கள்கூட, அந்தச் சமயத்தில் தங்களுக்கு ஏதோ ஒரு மறதி இருந்ததாகப் பக்கத்து வீட்டில் சொல்ல ஆரம்பித்தார்கள். ஊரில் கோழைகளே இல்லாமல் போய்விட்டார்கள். மறந்துபோன வீரர்கள்தான் இருந்தார்கள்.

வைகாசியில் பீளமேட்டில் ஒரு கல்யாணம். பட்டறை முதலாளியின் மகளுக்கு. பந்தியில் தாரிணிக்கு எதிர் வரிசையில் நவநீதனும் அவன் மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள். எழுந்து போக முடியாதபடி இலை போட்டுவிட்டார்கள்.

"நல்லா இருக்கீங்களா தாரிணி?" என்றான் நவநீதன்.

"இருக்கேனுங்க."

அவன் மனைவி முன்னால் சாய்ந்தாள். வெள்ளந்தியான முகம். "இவரும் உங்களை மாதிரிப் போய்ச் சொல்லியிருப்பாருங்க. எனக்கு நல்லாத் தெரியும், இவர் மனசு கேக்காது. அந்த வருஷம் ரெண்டு நாள் யார்கூடயும் பேசாம படுத்தே கிடந்தாருங்க. நம்ம வீட்டுல எல்லார்த்துகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

நவநீதன் தாரிணியைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை. கம்பெனியிலிருந்து வேறு யாரும் வரவில்லை என்று லூர்துமேரி சொன்னது தாரிணிக்கு நினைவிருந்தது. அதை ஒரு வாக்கியத்தில் இந்த இலையில் பரிமாறிவிடலாம். அவனுக்காக இரங்கி அவள் சும்மா இருக்கவில்லை. அவனைத் தன் கையால் தொடவும் அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஆணையத்துல கேட்டுப் பாத்தீங்களா?" என்றாள் அந்தப் பெண்ணிடம். "நேர்ல போனாப் போதும். உடனே சொல்லிடறாங்க."

"அப்பிடிங்களா!" அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. கணவன் தோளைத் தொட்டாள். "ஏனுங்க, கேட்டீங்களா? நேர்ல போனாச் சொல்லிடுவாங்களாம். இங்கிருந்து பக்கந்தானுங்க. சாப்பிட்டுட்டு அப்படியே போயிட்டு வந்துடலாமுங்க."

நவநீதன் இலையில் தண்ணீரைத் தெளித்தான். துடைத்தான். மறுபடி தெளித்தான். பரிமாறுகிறவர் சாதத்தோடு வந்து நின்று காத்துப் பார்த்துவிட்டு, அவனைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனார். அவன் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தான்.